மரத்தடியில் சும்மா இருத்தல்: உடல்நலம் நாடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஆறு மணிக்கு நம் நகரத்துப் பூங்கா எதற்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். நடைபாதையில் கூட்டம் சுற்றிச் சுற்றி வரும். சிலர் மணிக்கட்டுக் கடிகாரத்தில் காலடிகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். சிலர் காதில் செருகிய கருவியில் அலுவலகப் பேச்சைத் தொடர்ந்துகொண்டிருப்பார்கள். பாதையோரப் புங்கமரத்தடியில் உள்ள சிமெண்டுப் பலகை மட்டும் காலியாக இருக்கும். அதில் யாராவது உட்கார்ந்தால், களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்றே மற்றவர்கள் எண்ணிக்கொள்வார்கள். நடைப்பயிற்சியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. இதயத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் அது செய்யும் நன்மை பெரிது. ஆனால் மரங்களுக்கிடையே எதுவும் செய்யாமல் இருப்பதற்கென்றே தனிப் பலன்கள் உண்டு என்பதை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் காட்டுகின்றன. முறை எளியது; எனினும் நம் வெயிலிலும் கொசுக்கடியிலும் கூட்டத்திலும் அதைக் கடைப்பிடிப்பதற்குச் சில ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. இந்த வழிகாட்டி அந்தக் காலிப் பலகையைப் பற்றியது.

காட்டுக் குளியல் என்ற சொல்

ஜப்பானின் வனத்துறைத் தலைவராக இருந்த தொமோஹிதே அக்கியாமா 1982ஆம் ஆண்டில் 'ஷின்ரின் யோக்கு' என்ற சொல்லை முன்வைத்தார். ஷின்ரின் என்றால் காடு, யோக்கு என்றால் குளியல். இதில் தண்ணீருக்கு வேலையில்லை. காட்டின் ஒளி, மணம், ஒலி, குளிர்ச்சி ஆகியவற்றில் உடலை ஊறவிடுவதையே அந்தச் சொல் குறிக்கிறது. நாகானோ மாகாணத்தில், முந்நூறு ஆண்டு வயதுடைய ஹினோக்கி என்னும் சைப்ரஸ் வகை மரங்கள் நிற்கும் அக்காசாவா காட்டில் இதற்கான முதல் நிகழ்ச்சி அதே ஆண்டு நடந்தது. நகர வேலையில் களைத்துப்போன மக்களைக் காட்டுக்கு அழைத்துவருவதும், அதன் வழியாகக் காட்டின் மதிப்பை உணர்த்துவதுமே அன்றைய நோக்கங்கள். மருத்துவ அளவீடுகள் பின்னால்தான் வந்தன. சொல் முதலில் பிறந்து சான்று பிறகு தேடப்பட்டது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் இத்துறையில் ஆர்வம் சில வேளைகளில் சான்றை முந்திக்கொண்டு ஓடுகிறது.

உடலில் அளந்து பார்க்கப்பட்டவை

சிபா பல்கலைக்கழகத்தின் யோஷிஃபுமி மியாசாக்கியும் அவருடைய குழுவினரும் ஜப்பான் முழுவதும் 24 காடுகளில் செய்த ஆய்வின் முடிவுகள் 2010ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒவ்வோர் இடத்திலும் பன்னிரண்டு இளைஞர்களில் பாதிப்பேர் காட்டுக்கும் மீதிப்பேர் நகரத்துக்கும் அனுப்பப்பட்டு, மறுநாள் இடம் மாற்றப்பட்டார்கள். சிறிது நேரம் நடப்பதும், நாற்காலியில் உட்கார்ந்து எதிரில் உள்ளதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் மட்டுமே அவர்களுக்கு இடப்பட்ட வேலை. மன இறுக்கத்தின்போது மிகுதியாகச் சுரக்கும் கார்ட்டிசால், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் நகரத்தைவிடக் காட்டில் குறைவாக இருந்தன. உடலை ஓய்வு நிலைக்குக் கொண்டுசெல்லும் நரம்புப் பிரிவின் செயல்பாடு கூடியிருந்தது. இரத்த அழுத்தத்தில் கண்ட வேறுபாடு சிறியதுதான். மாத்திரைக்கு மாற்றாக அதைக் கருத முடியாது. ஆயினும் வெறுமனே உட்கார்ந்து பார்த்ததற்கே உடல் அவ்வாறு இசைந்தது என்பது கவனிக்கத்தக்கது.

எவ்வளவு நேரம் தேவை என்ற கேள்விக்கு 2019ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் பயன்படும். இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேரிடம் திரட்டிய தகவல்களின்படி, வாரத்துக்கு 120 நிமிடங்களாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகக் கூறியது மிகுதியாக இருந்தது. அந்த 120 நிமிடங்களை ஒரே நாளில் கழித்தாலும் பல நாள்களாகப் பிரித்துக்கொண்டாலும் வேறுபாடு தென்படவில்லை. நலமாக இருப்பவர்களே வெளியில் அதிகம் செல்லக்கூடும் என்பதால், எது காரணம் எது விளைவு என்பதை இந்த ஆய்வை மட்டும் வைத்து அறுதியிட முடியாது. மற்றோர் ஆய்வில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 36 நகரவாசிகளை எட்டு வாரங்களுக்குப் பின்தொடர்ந்து, வாரம் மூன்று முறை பசுமையான இடத்தில் பத்து நிமிடமாவது இருக்கச் செய்து, முன்னும் பின்னும் உமிழ்நீரை எடுத்து அளந்தார்கள். இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை இருந்தபோது கார்ட்டிசால் மிக விரைவாகக் குறைந்தது; அதற்குமேல் இருந்தபோதும் குறைந்தது, ஆனால் மெதுவாக. அந்த நேரத்தில் கைபேசி, இணையம், உரையாடல், வாசிப்பு, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றைத் தவிர்க்கும்படி அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தார்கள். நம் பூங்காக் காட்சியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மனத்தின் பக்கம் வந்தால், அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்ளான், ஸ்டீபன் கப்ளான் இணையரின் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கணக்குப் பார்ப்பது, வண்டி ஓட்டுவது, திரையைப் பார்த்து வேலை செய்வது போன்றவற்றில் நாம் கவனத்தை வலிந்து பிடித்துவைக்கிறோம். அந்தப் பிடி தசையைப்போலவே களைத்துப்போகிறது. இலை அசைவதும் எறும்பு ஊர்வதும் கவனத்தை மெல்ல ஈர்க்கின்றன, ஆனால் அதனிடம் எதையும் கேட்பதில்லை. அந்த இடைவெளியில் களைத்த கவனம் தேறிக்கொள்கிறது. மரங்களிடையே நடந்துவந்தவர்கள், போக்குவரத்து மிகுந்த சாலையில் நடந்துவந்தவர்களைவிட எண்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லும் சோதனையில் மேம்பட்டார்கள் என்று 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. குளிர்காலத்தில் நடுங்கிக்கொண்டே நடந்து, அந்த நடையை அவ்வளவாக விரும்பாதவர்களிடமும் இப்பலன் காணப்பட்டது.

பெரிதும் பேசப்படும் மற்றொன்று நோயெதிர்ப்பாற்றல். தோக்கியோவின் நிப்பான் மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிங் லீ, பன்னிரண்டு ஆண் ஊழியர்களை ஈயாமா என்னும் இடத்துக் காடுகளில் மூன்று நாள் தங்கவைத்து, இரத்தத்தில் உள்ள இயற்கைக் கொல்லி அணுக்களின் செயல்பாடு கூடுவதைக் கண்டார். கிருமித் தொற்றிய அணுக்களையும் புற்றாகத் திரியும் அணுக்களையும் தாக்குபவை இவை. மரங்கள் தம்மைப் பூச்சியிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் காத்துக்கொள்ளக் காற்றில் விடும் ஆல்ஃபா பைனீன், லிமோனீன் போன்ற ஆவிப்பொருள்களுக்கு இதில் பங்கு உண்டென்று அவர் கருதினார். ஃபைட்டான்சைட் என்பது அவற்றின் பொதுப்பெயர். ஆனால் பன்னிரண்டு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இரத்தத்தில் எடுத்த ஓர் அளவு கூடியது என்பதிலிருந்து, காட்டுக்குப் போனால் புற்றுநோய் வராது என்ற முடிவுக்குத் தாவுவது அறிவியலாகாது. அப்படித் தாவும் காணொளிகள் தமிழிலும் உலவுகின்றன. அவற்றை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆக்சிஜன் கணக்கு

நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை ஒன்றை இங்கே களைய வேண்டியிருக்கிறது. மரத்தடியில் ஆக்சிஜன் மிகுதி, அதனால்தான் உடலுக்கு நல்லது என்பார்கள். அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தரும் என்று படித்தவர்களும் சொல்வார்கள். திறந்த வெளிக் காற்றில் எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன்தான் இருக்கிறது. ஒரு மரத்தின் அடியில் அது உணரத்தக்க அளவுக்குக் கூடுவதில்லை. ஒளியில்லாமல் எந்த மரமும் ஆக்சிஜனை வெளிவிடுவதில்லை, அரசமரமும் விதிவிலக்கன்று. இதே தர்க்கத்தின் மறுபக்கமாக, இரவில் புளியமரத்தடியில் படுத்தால் மூச்சு முட்டும் என்பதும் மெய்யன்று. மரம் இரவில் விடும் கரியமில வாயு மிகச் சிறிதளவே, அதுவும் காற்றில் கலைந்துவிடும். புளியமரத்துப் பேய்க்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டதுதான் இந்தக் கதை.

மரம் உண்மையில் தருவது வேறு. நிழல் வெயிலைத் தடுக்கிறது. இலைகளிலிருந்து ஆவியாகும் நீர் சுற்றிலும் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அடர்ந்த மரக்கூட்டம் தெரு இரைச்சலைக் கண்ணிலிருந்தும் மனத்திலிருந்தும் விலக்குகிறது. பலன் இவற்றிலிருந்தும், நாம் அங்கே அசையாமல் இருப்பதிலிருந்தும் வருகிறது என்று கொண்டால், அடுத்து வரும் படிகளின் காரணம் விளங்கும்.

முதல் படி: திரும்பத் திரும்பப் போகக்கூடிய இடம்

இடம் தேர்வதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மரங்களிடையே அமைதி என்றதும் கொடைக்கானலும் வால்பாறையும் நினைவுக்கு வருகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டு போய், பைன் காட்டில் தற்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் மகிழ்ச்சி இருக்கலாம்; நாம் பேசும் பயன் அதில் சொற்பம். வாரத்துக்கு 120 நிமிடம் என்ற கணக்கை வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவுக்குள் இருக்கும் இடம் மட்டுமே நிறைவேற்றும். ஆகவே மலைக்காட்டைவிடத் தெருமுனை வேப்பமரம் மேலானது என்று தயங்காமல் சொல்வேன்.

தேடும்போது மூன்று செய்திகளைப் பார்க்கவும். நிழல் மேலே கூடியிருக்க வேண்டும், அதாவது ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடுமளவுக்காவது நெருங்கிய ஐந்தாறு மரங்கள் இருப்பது நல்லது. முதுகைச் சாய்க்க இடம் வேண்டும். வண்டியின் ஒலிப்பான் கேட்டாலும் வண்டி கண்ணுக்குத் தெரியாதிருக்க வேண்டும். சென்னையில் செம்மொழிப் பூங்காவிலும் கிண்டி சிறுவர் பூங்காவிலும் இத்தகைய மூலைகள் உண்டு. கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா, மதுரைக்கு அருகே அழகர்மலை அடிவாரம், காவிரிக் கரையில் மருதமரம் நிற்கும் பழைய படித்துறைகள் எனப் பட்டியலை நீட்டலாம். பழைய கல்லூரி வளாகம், பெரிய கோயிலின் நந்தவனம், மருத்துவமனைத் தோட்டம், ஏரிக்கரை ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது. திறந்திருக்கும் நேரமும் நுழைவு விதியும் மாறக்கூடியவை என்பதால் முதல்முறை விசாரித்துவிட்டுச் செல்லவும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கும், விடுமுறைக்கு ஊர் திரும்புபவர்களுக்கும் இன்னொரு செல்வம் இருக்கிறது: கோயில்காடு. ஐயனாருக்கோ அம்மனுக்கோ விடப்பட்ட இந்தக் காடுகளில் சுள்ளி ஒடிக்கவும் அஞ்சுவார்கள். அதனால்தான் சோழமண்டலக் கரையோரத்தின் உலர் பசுமைமாறாக் காடு வேறெங்கும் அழிந்த பிறகும் இங்கே துண்டு துண்டாகத் தப்பியிருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காட்டில் நண்பகலிலும் தரையில் வெயில் புள்ளி புள்ளியாகத்தான் விழும். அங்கே செருப்பைக் கழற்றுவது போன்ற ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு, கிடா வெட்டும் கூட்டம் கூடாத நாளாகப் பார்த்துச் செல்ல வேண்டும்.

காப்புக்காடுகளுக்குள் மட்டும் அனுமதியின்றி நுழையக் கூடாது. சட்டப்படி அது குற்றம். யானை, காட்டெருமை நடமாடும் இடங்களில் உயிருக்கும் ஆபத்து.

இரண்டாம் படி: பருவமும் நேரமும்

ஜப்பானிய வழிகாட்டிகளில் நண்பகல் நடை சொல்லப்பட்டிருக்கும். நம் சமவெளியில் மார்ச் முதல் செப்டம்பர் வரை அது பொருந்தாது. காலை ஐந்தரை முதல் ஏழரை வரை உள்ள நேரமே சிறந்தது. வெயில் சுள்ளென்று ஏறுமுன் எழுந்துவிடலாம். கடற்கரை மாவட்டங்களில் பிற்பகலில் கடற்காற்று எழுந்த பிறகு, ஐந்து மணியளவில், இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். கார்த்திகை முதல் மாசி வரை ஒன்பது மணி வரைகூட இதமாக இருக்கும். ஆனால் அந்த மாதங்களின் அதிகாலைப் பனியில் மூச்சிரைப்பு உள்ளவர்கள் வெயில் வந்த பிறகு செல்வது நல்லது. மழை ஓய்ந்த மறுநாள் காலை மரத்தடி மிக அழகாக இருக்கும். ஈர மண்ணின் மணமும் அன்றுதான் உச்சத்தில் இருக்கும், அட்டையும் கொசுவும்கூட.

தொடக்கத்தில் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முப்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அரை மணி நேரம் நீட்டினால் 120 நிமிடம் தானாக நிறையும்.

மூன்றாம் படி: புறப்படும் முன்

முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை மூடிய ஆடை, மூடிய காலணி, அரை லிட்டர் தண்ணீர், உட்காரத் தடித்த துணி அல்லது சிறிய கோரைப்பாய் ஆகியவை போதும். தேவைப்பட்டால் கொசு விரட்டும் களிம்பைத் தடவிக்கொள்ளலாம். நறுமணத் தைலங்களை அன்று தவிர்க்கவும்; அவை இலையின் மணத்தை மறைப்பதோடு தேனீக்களையும் ஈர்க்கும். வயிறு நிரம்ப உண்டுவிட்டு வந்தால் உறக்கம்தான் வரும். பசியோடு வந்தால் பொறுமை இராது. ஒரு குவளைத் தேநீரோ இரண்டு வாழைப்பழமோ போதுமானது.

கைபேசியை வீட்டில் விட்டுவரும்படி சொல்லும் வழிகாட்டிகளோடு எனக்கு உடன்பாடில்லை. தனியாகச் செல்லும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அது பாதுகாப்புக் கருவி. ஒலியை நிறுத்தி, நேரம் முடிந்ததும் அதிர்வதற்கு ஏற்பாடு செய்து, எளிதில் எடுக்க முடியாதபடி பையின் அடியில் வைத்துவிடவும். எந்த இடத்தில் இருக்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டால், இடையில் யாரும் அழைத்துத் தேடமாட்டார்கள்.

நான்காம் படி: வேகத்தைக் குறைத்தல்

வாசலில் நுழைந்ததும் நேராகப் போய் உட்கார்ந்தால், சாலையில் வந்த வேகம் உடலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே முதல் ஐந்தாறு நிமிடங்கள், கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தாதவர் நடப்பதுபோல, அவசரமே இல்லாமல் நடக்கவும். மூச்சு எந்த நிலையிலும் வாங்கக் கூடாது. பலரும் எண்ணுவதைவிட இது கடினம். பின்னால் வருபவர் வழி கேட்டுக் கனைப்பார், பழக்கப்பட்டவர் நின்று உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார். ஒதுங்கி வழிவிட்டு, தலையசைத்துவிட்டுத் தொடரலாம்.

ஐந்தாம் படி: உட்காரும் இருபது நிமிடம்

உட்காரும் முன் மேலே ஒருமுறை பார்க்கவும். பட்டுப்போன கிளை தொங்குகிறதா, தேன்கூடு இருக்கிறதா, பறவைகள் அடையும் கிளைக்கு நேர்கீழே இருக்கிறோமா என்று கண்டுகொள்ள அரை நிமிடம் போதும். பிறகு தரையைப் பார்க்கவும். கட்டெறும்புச் சாரை போகும் வழியில் பாயை விரித்துவிட்டு அமைதியைத் தேடிப் பயனில்லை. முதுகு மரத்திலோ பலகையிலோ சாய்ந்திருக்கட்டும். பத்மாசனம் தேவையில்லை, கண்ணை மூடவும் தேவையில்லை. தியானத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே இங்கேதான் இருக்கிறது: தியானம் உள்ளே திரும்பச் சொல்கிறது, மரத்தடி வெளியே பார்க்கச் சொல்கிறது. உள்ளே திரும்பினால் கவலைகளையே சந்திப்பவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிய ஆறுதல்.

முதலில் ஒலியிலிருந்து தொடங்குவது எளிது. மிகத் தொலைவிலிருந்து வரும் ஒலியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து மெல்ல அருகே வரவும். ரயில், பள்ளிக்கூட மணி, பிறகு பறவைகள். தட்டான் சுத்தியலால் தட்டுவதுபோல் சீராக ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவான். புதருக்குள்ளிருந்து ஆழமாக ஊப் ஊப் என்பது செம்போத்து. ஏழெட்டுப் பேராகத் தரையில் தத்திச் சண்டையிடுவன தவிட்டுக்குருவிகள். பெயர் தெரியாவிட்டால் குற்றமில்லை, பெயரைத் தேடிக் கைபேசியை எடுப்பதுதான் குற்றம். கடைசியாக இலைகளின் ஒலி வரும். அரசிலையின் காம்பு நீண்டும் மெல்லியதாகவும் இருப்பதால் மிக மெல்லிய காற்றிலும் அது சலசலக்கும். ஆலிலை தடித்தது, பலத்த காற்றுக்குத்தான் அசையும். இரண்டு மரத்தடியிலும் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அமைதியிலும் வகைகள் உண்டு என்பது புரியும்.

அடுத்து கண்களுக்கு வேலை கொடுக்கலாம். ஒரு கிளையைத் தேர்ந்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாகப் பார்வையால் ஏறவும். நுனித் தளிர் சிவந்திருக்கிறதா, இலையைப் புழு அரித்த தடம் எப்படி வளைகிறது, பட்டையின் எந்தப் பக்கத்தில் பாசி படிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். பிறகு மூக்கு: உதிர்ந்த வேப்பிலையையோ நாவல் சருகையோ கசக்கி முகரலாம், சித்திரையில் வேப்பம்பூவும், இரவெல்லாம் உதிர்ந்த மகிழம்பூவும் தாமே வந்து மணக்கும். மரத்திலிருந்து பறிக்க வேண்டாம். உள்ளங்கையை வேரின்மேல் வைத்திருப்பது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சத்தோடு மரத்தைக் கட்டிப்பிடிப்பதால் எந்த ஹார்மோனும் குறையப்போவதில்லை.

கடைசி ஐந்து நிமிடம் இவை எதையும் செய்யாமல் இருக்கவும். இதுவே முழுப் பயிற்சியின் கரு. மற்றவை எல்லாம் இங்கே கொண்டுவந்து விடுவதற்கான படிக்கட்டுகள்.

மனம் அடங்காதபோது

முதல் இரண்டு வாரங்களில் மனம் அடங்காது. வங்கித் தவணை, பிள்ளையின் மதிப்பெண், நேற்று அலுவலகத்தில் கேட்ட சுடுசொல் எல்லாம் வரிசையில் நிற்கும். அவற்றைத் துரத்த முயல வேண்டாம். மீண்டும் ஓர் ஒலியைத் தேடினால் போதும். ஏறத்தாழ எட்டாவது நிமிடத்தில் எழுந்து போய்விடலாம் என்ற எண்ணம் எனக்கு இன்றும் தவறாமல் வருகிறது. அதைத் தாண்டிவிட்டால் பிறகு நேரம் போவது தெரிவதில்லை. பழையதையே திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது குறிப்பாக உதவக்கூடும்: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், மரங்கள் நிறைந்த புல்வெளியில் தொண்ணூறு நிமிடம் நடந்தவர்களிடம் அந்த அசைபோடுதல் குறைந்தது, அதனோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் செயல்பாடும் குறைந்தது. நெடுஞ்சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

ஆனால் தனிமையில் உட்கார்ந்தால் துயரம் பெருகுகிறது, வாழ்வதில் பொருளில்லை என்று தோன்றுகிறது என்றால், அது மரத்தடியில் தீர்க்க வேண்டிய செய்தியன்று. உடனே நெருங்கியவரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: எழுந்து வருதலும் குறித்து வைத்தலும்

நேரம் முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களுக்குத் தலை சுற்றலாம். கால்களை நீட்டி மடக்கி, தண்ணீர் குடித்து, பிறகு எழவும். வெளியே வந்ததும் கைபேசியைத் திறப்பதைக் குறைந்தது பத்து நிமிடமாவது தள்ளிப்போட்டால், சேர்த்ததை வாசலிலேயே கொட்டிவிடாமல் வீடு வரை கொண்டுபோகலாம்.

பலனைத் தானே சோதித்துப் பார்க்க விரும்புவோர், உட்காரும் முன்னும் எழும் முன்னும் மணிக்கட்டில் நாடியை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கிக் குறித்துக்கொள்ளலாம். முதல் எண்ணிக்கையை நடந்துவந்த உடனேயே எடுக்காமல், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நடையின் படபடப்பு தணிந்ததை மரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்து எழுதி வரவும். அன்றைய உறக்கத்தையும் ஒரு சொல்லில் குறிக்கலாம். எட்டு வாரத்துக்குப் பிறகு அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டலாமே தவிர, அதை வைத்துத் தானாக மாத்திரையைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

பாதுகாப்பு

புல்லும் புதரும் அடர்ந்த இடங்களில் மிகச் சிறிய பூச்சிகளின் கடியால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தமிழகத்தில் அரிதன்று. மழையும் குளிரும் உள்ள மாதங்களில் அது கூடுகிறது. ஆகவே புல்தரையில் நேரடியாக உட்காரவோ துணியைக் காயப்போடவோ கூடாது. வீடு திரும்பியதும் ஆடையை மாற்றிச் சோப்பிட்டுக் குளிக்கவும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால், அல்லது உடலில் சிகரெட் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு தென்பட்டால், மரத்தடிக்குச் சென்றுவந்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் எளிதில் குணமாகக்கூடிய நோய் இது. தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகும். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது என்பதால், காலை வேளைதானே என்ற அலட்சியமும் ஆகாது.

பொந்துக்குள் கையை விடுவது, சருகுக் குவியலில் காலை வைப்பது, கல்லைப் புரட்டுவது ஆகிய மூன்றையும் தவிர்த்தால் பாம்பு பற்றிய அச்சம் பெரிதும் தேவையில்லை. இடி முழங்கினாலோ பலத்த காற்று எழுந்தாலோ உடனே மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். சீமைக்கருவேலின் மகரந்தமும் பார்த்தீனியமும் ஒவ்வாமையைத் தூண்டுபவை. ஆஸ்துமா உள்ளவர்கள் அவை மண்டிய இடத்தைத் தவிர்த்து, உறிஞ்சு மருந்தைப் பையில் வைத்திருக்கட்டும். குரங்குகள் உள்ள மலையடிவாரங்களில் தின்பண்டம் கண்ணில் படக் கூடாது. பெண்கள், ஆள் நடமாட்டம் உள்ள, ஆனால் பேச்சுக் குறைந்த இடத்தைத் தேர்வதும், இருவராகச் சென்று இருபதடி தள்ளித் தள்ளி உட்கார்வதும் நடைமுறைக்கு ஏற்றவை.

வெளியே செல்ல முடியாதவர்களுக்கு

மூட்டுவலியாலோ நோயாலோ வீட்டோடு இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஆராய்ந்து 1984ஆம் ஆண்டில் வெளியிட்டார். சன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்த 23 பேரையும், செங்கற்சுவரைப் பார்த்தபடி படுத்திருந்த அவர்களை ஒத்த 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கடுமையான வலிநீக்கிகளும் குறைவாகவே தேவைப்பட்டன.

நம் வீடுகளில் படுக்கையில் இருப்பவரின் கட்டில் பெரும்பாலும் தொலைக்காட்சியை நோக்கியே போடப்பட்டிருக்கிறது. பக்கத்து மனையில் ஒரு முருங்கையோ தென்னையோ தெரியும் சன்னல் இருந்தால், கட்டிலை அதன் பக்கம் திருப்பி, திரைச்சீலையை விலக்கி, காலை வெளிச்சம் வரும் நேரத்தில் தலையணையைச் சற்று உயர்த்திவைக்கவும். தலைமாட்டில் இருந்து அவர் பார்க்கும் உயரத்தில் குனிந்து நாமும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியும் மரம், படுத்திருப்பவருக்குச் சன்னல் விளிம்பில் மறைந்துபோயிருக்கலாம்.